இருமுறை நீர்த்தவள்

1
இந்தக் கதையை ஒரு படிவத்தின் நகலில், பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் நான் ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்: ‘இந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருத்தியாக நான் உரிமை கோரவில்லை.’ நன்றியுரையில் பெயர் வருமாம். பெரிய மனசு.

2
முதல் வரி, முயற்சி ஒன்று: ‘செல் தனித்து வாழ்வதில்லை, அதைச் சூழ்ந்து புரத இழைகளாலான ஒரு வலை…’ (பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.)

முயற்சி இரண்டு: ‘ஏழைக் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெண்…’ (தூ.)

நேராகவே சொல்கிறேன். உடம்புக்குள் செல்கள் அந்த வலையைப் பற்றிக்கொண்டுதான் நகர்கின்றன. முன்னால் நீட்டிப் பிடிக்கும், பின்னால் பிடித்ததை விடும். ஆய்வகத் தட்டில் வலை கிடையாது. அதனால் புரதக் கரைசலைத் தட்டில் பூசிவிட்டு செல்களை விடுவோம். பூசுவது என் வேலை.

3
ஆய்வகத்து சீனியர் கரைசல் புட்டியில் ‘பத்தில் ஒன்று’ என்று எழுதியிருந்தார். கரைசல் பத்தில் ஒரு பங்காகும்படி நீர் கலக்கச் சொல்கிறார் என்று நினைத்துக் கலந்தேன். ஏற்கெனவே கலந்தாயிற்று என்று அர்த்தமாம்; இருமுறை நீர்த்துவிட்டது. (எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களே என்று கேட்காமல் விட்டேன். தப்பு அதுதான்.)

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்றார் பேராசிரியர். “எங்கேருந்துதான் வர்றீங்களோ!”

தட்டுகளைக் கொட்டச் சொன்னார். கொட்டவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வழக்கமான பூச்சில் செல்கள் அட்டைபோல ஒட்டி அசையாமல் கிடந்தன. பூசாத தட்டில் ஒட்டவே இல்லை. என் தட்டில் ஓடின.

காட்டினேன். பேராசிரியர் மூன்று தட்டுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

4
இவரைக் கொடுமைக்காரராக எழுதினால் கதை சுலபம். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் என் செல்களுக்குத் தீனி மாற்றியது இவர்தான். இதை மறைக்க நினைத்தேன், எழுதிவிட்டேன். கோபம் குறையவில்லை.

கட்டுரையின் செய்முறைப் பகுதியை எழுதச் சொன்னதும் என்னைத்தான். நான் எழுதித் தந்ததை அவர் திருத்தியிருந்தார்.

“‘பூச்சைத் திட்டமிட்டுக் குறைத்தோம்’னு இருக்கு சார். யார் போட்ட திட்டம்?”

“தற்செயலா நடந்ததுக்கெல்லாம் பேர் போட முடியுமாம்மா?”

“தப்பா இருந்தப்போ என்னுது. கண்டுபிடிப்பானதும் உங்களுதா?”

சீனியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சிபாரிசுக் கடிதம் வேணும்ல? யோசிச்சுக் கையெழுத்துப் போடு” என்றார் பேராசிரியர்.

அந்தக் கடிதம் இல்லாமல் எந்த ஆய்வகமும் என்னை மேல்படிப்புக்கு எடுக்காது.

5
அம்மா போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. “செல்லு ஒட்டுச்சாடி?” என்பாள். இன்று விஷயத்தைச் சொன்னேன்.

“நீயும் ஒட்டிக்கிட்டே இருந்துடேன்டி. பெரிய எடத்துல மூஞ்சியத் தூக்காத.”

(இறுக ஒட்டியது நகராது என்று இங்கே ஒரு அழகான வாக்கியம் எழுதி… வேண்டாம். செல்லுக்கு அவமானம் தெரியாது.)

6
முடிவு அ: கையெழுத்து, கடிதம், வேறு ஊர்.

முடிவு ஆ: படிவத்தைக் கிழிக்கிறேன், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (யார் தட்டுவது? சீனியரா?)

நடந்தது இது. கட்டுரைப் பிரதியில் ‘திட்டமிட்டு’ என்ற சொல்லை அடித்து, ‘தவறுதலாக, இருமுறை நீர்த்து’ என்று எழுதினேன். ஆசிரியர் வரிசையில் என் பெயரைச் சேர்த்தேன். அதைக் கையெழுத்தில்லாத படிவத்தோடு அவர் மேசையில் வைத்தேன். அவர் சொன்ன பதிலை எழுத மாட்டேன்.

கட்டுரை எப்போதாவது உங்கள் கைக்கு வரும். செய்முறைப் பகுதியைப் பாருங்கள். ‘திட்டமிட்டு’ என்று இருந்தால், அது பொய் என்று தெரிந்த ஐந்தாவது ஆள் நீங்கள். என்ன செய்வீர்கள்?