கொழுப்பு பூசிய கண்ணாடி

"இது போட்டோவா? ஓவியம்னு நினைச்சேன்" என்று யாராவது என் படங்களைப் பார்த்துச் சொன்னால் ரகசியத்தை நான் சொல்வதில்லை. சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டில் லாமா மிருகத்தின் கொழுப்பைத் துளி எடுத்து விரலால் தேய்ப்பேன். அதையும், வெல்டிங் பட்டறையில் கேட்டு வாங்கிய கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்துக் கேமராவின் முகத்தில் ஒட்டுவேன். கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடும். எட்டு எண்ணும்வரை படம் ஊறும். அந்த எட்டுக்குள், தூங்கும் குழந்தையைப் புரட்டிப் படுக்கவைப்பது போலக் கேமராவை மெல்லத் திருப்ப வேண்டும். மலை ஊதாவாகக் கரைந்து வழியும், வானம் தண்ணீரில் இறங்கும், எதற்கும் விளிம்பு இருக்காது.

எங்கள் ஊர் கொல்சானியில் ஜனவரி மழை விழுந்துவிட்டால் உப்புவெளி முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். வானம் எது, தரை எது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்து வாயைப் பிளக்கத்தான் பயணிகள் வருகிறார்கள். அவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறவர் என் கணவர் எலியூத்தேரியோ. முப்பது வருஷமாக ஓட்டுகிறார். அங்கே பாதையும் கிடையாது, பலகையும் கிடையாது. துனுப்பா மலையைப் பார்த்துத்தான் எங்கள் ஓட்டுநர்கள் திசை பிடிப்பார்கள். திசை தப்பினால் உப்பு மெலிந்த குழிகள் இருக்கின்றன. போன வருஷம் ஒரு வண்டியைக் கதவு வரைக்கும் விழுங்கிய குழியை நானே பார்த்தேன்.

உப்புக்கல் விடுதி நடத்தும் ஒந்தினா அம்மாள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பன்னிரண்டு படங்கள் கேட்டிருந்தாள். அச்சடித்து வந்ததும் மத்தியானச் சூப்புக்குப் பிறகு மேசையில் பரப்பினேன். எலியூத்தேரியோ என் வேலையை என்றைக்கும் மதித்ததில்லை. "கை நடுங்கிடுச்சா?" என்பார். "அந்தக் கொழுப்பச் சூப்புல போடு புள்ள, ருசியாவது இருக்கும்" என்பார். அன்று, மலை கரைந்து வழியும் ஒரு படத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நல்லாருக்கு."

"என்னய்யா சொன்ன?"

"இதுதான் நம்ம உப்புவெளி. இப்பத்தான் ஒழுங்கா எடுத்திருக்க. அந்தக் கொழுப்பு எழவையெல்லாம் விட்டுட்டியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து ஒரு பாராட்டு! பக்கத்தில் இன்னொரு படம் கிடந்தது. அதே இடம், அதே நேரம், கண்ணாடி எதுவும் ஒட்டாமல் சும்மா எடுத்தது. துனுப்பாவின் கல்லைக்கூட எண்ணிவிடலாம். அவர் அதையும் எடுத்து இரண்டையும் முகத்தருகே பிடித்தார்.

"ஒரே படத்த எதுக்கு ரெண்டு தடவ அடிச்ச? வீண் செலவு."

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது, கோக்கா இலை பொறுக்கும்போது விரலால் தடவித் தடவி எடுத்தது எல்லாம் அப்போதுதான் உறைத்தது. மழைமாதத்தில் எங்கள் ஊர் ஓட்டுநர்கள் எல்லாருமே "ஒண்ணும் தெரியல" என்றுதான் வீடு திரும்புவார்கள். இவர் சொன்னதையும் நான் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். நேராகக் கேட்டால் சத்தியம் பண்ணிப் பொய் சொல்லுவார். மறுநாள் காலை ஐந்து பயணிகள் இருந்தார்கள். படம் எடுக்க நானும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பூமித்தாய்க்கு இரண்டு சொட்டுச் சாராயம் ஊற்றிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். முன்னால் இன்னொரு ஓட்டுநர் பெர்மினின் வெள்ளை ஜீப் போனது. அது கிழித்த தண்ணீர்க் கோட்டை ஒட்டியே போனோம். மேலே ஒரு மேகம், கீழே அதே மேகம், நடுவில் நாங்கள். சக்கரத்தடியில் மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்டது. ரோஜா நிறம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சொல்ல முடியவில்லை. எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. அதற்காக இன்றும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

பெர்மின் தன் பயணிகளுக்கு உப்புக் குவியல்களைக் காட்ட இடது பக்கம் திரும்பினான். நாங்கள் போக வேண்டியது நேராக மேற்கே. இவரோ அவன் பின்னாலேயே திரும்பினார். பெர்மினின் வண்டி சிறுத்து மேகத்துக்குள் போனதும் இவர் கால் வேகத்தைக் குறைத்தது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"நிறுத்து, படம் எடுக்கணும்" என்றேன்.

பயணிகள் ரப்பர் பூட்ஸோடு குதித்து இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

"எவ்வளவு நாளாய்யா?"

"என்ன எவ்வளவு நாளா?"

"என் தலையில கைய வச்சுச் சொல்லு."

கையை எடுக்காமல் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தார். "போன கார்னிவல் திருவிழாலேர்ந்து. மொதல்ல பனின்னு நெனச்சேன். அப்புறம் வண்டிக் கண்ணாடி அழுக்குன்னு நெனச்சேன். தெனம் தொடச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சாவியப் புடுங்கிருவ. அப்புறம் மூலையில கெடக்க நான் என்ன உப்பு மூட்டையா?"

"ஓரூரோ டவுன்ல கண் டாக்டர் இருக்காரு. புரையாத்தான் இருக்கும். எடுத்துருவாங்க."

"கண்ணுல கத்தி வைக்கிறவன்கிட்ட நீ போ. நான் வரல."

வெளியே ஒரு பெண் கைகளை விரித்துக் கத்தினாள்.

"என்னவாம் அந்தப் பொண்ணுக்கு?"

"கனவு மாதிரி இருக்காம்."

"உன் படத்தையும் அப்படித்தான சொல்றாங்க?"

"ஆமா."

"கனவா!" தொண்டையைச் செருமிக்கொண்டார். "புள்ள, நான் அதுக்குள்ளதான் வண்டி ஓட்டிட்டிருக்கேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எட்டு எண்ணி நான் செய்யும் அழகுக்குள் அந்த மனுஷன் பதினோரு மாதமாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அதையும் நான் பார்க்கவில்லை. "எந்திரிய்யா" என்றேன். அவர் இறங்கி, வண்டியைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். சந்தைக்குத் தவிர வேறெங்கும் நான் ஓட்டியதில்லை. பயணிகள் ஏறி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பயப்படாத, நான் வழி சொல்றேன்" என்றார். குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. "துனுப்பாவ வலது தோள்லயே வச்சுக்கிட்டுப் போ. அதோ, நிக்குது பாரு."

அவர் விரல் காட்டிய பக்கம் வெறும் தண்ணீரும் வானமும்தான். மலை எங்கள் முதுகுக்குப் பின்னால், மடிப்பு மடிப்பாகத் துலக்கமாக நின்றது.

மலை வலது தோளுக்கு வரும்வரை வண்டியை மெதுவாகத் திருப்பினேன். அவர் இடது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்த வெயில் நகர்ந்து பிடரிக்குப் போயிற்று. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு பிடரியைத் தொட்டுப் பார்த்தார். நீட்டியிருந்த விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்: "ஓரூரோ பஸ் எத்தன மணிக்கு?"