எ என்றால் எடு

காய்கறி மொத்தச் சந்தையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மைக்கு' என்றால்தான் தெரியும். நிஜ மைக் ஒன்றையும் வாங்கி மாட்டியிருந்தார்கள். பாவம், அதற்குத்தான் வேலையில்லை. வெங்காய மூட்டைமேல் ஏறி நின்று அவள் ஏலம் கூவினால் தெருக்கோடியில் வண்டி நிறுத்துகிறவன்கூட அங்கிருந்தே கை தூக்குவான். வீட்டிலும் அதே சுருதிதான். கொஞ்சம் மெல்லப் பேசேன் என்று புருஷன் கெஞ்சினால், "இதுதாங்க மெல்ல" என்பாள்.

அந்தக் குரல் கம்மிப் போயிற்று. கத்திக் கத்திப் புண்ணாகியிருக்கும் என்று சந்தையே கூடி வைத்தியம் சொன்னது. ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கேதான் நீள நீளமான வார்த்தைகள் ஆரம்பித்தன.

முதலில் வந்தது லாரிங்காஸ்கோப்பி. வாய்க்குள் நுழையாத பேரை வைத்துக்கொண்டு எவனும் தன் தொண்டைக்குள் நுழையக்கூடாது என்று அவள் ஒரே பிடிவாதம்.

"இதுக்கு அர்த்தம் தெரியாம நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்பதே பெரிய மிரட்டல்தான். புருஷன் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றே தலை நரைத்தவர். சீட்டுகளைப் படித்துப் படித்து இந்த வார்த்தைகளோடு அவருக்கு நல்ல பழக்கம்.

"தலைய விட்டுடு, வாலப் பாரு" என்றார். "லாரிங்னு ஆரம்பிச்சா குரல்வளை. அது மாறாது, வால்தான் மாறும். ஸ்கோப்பின்னா குழாய விட்டு எட்டிப் பாக்கறது. பிளாஸ்டின்னா ஒட்டுப்போட்டுச் சரி பண்றது. டமின்னா வெட்டு."

"எல்லா டமியும் வெட்டுதானா?"

"டமிக்கு முன்னால ஓ வந்தா வெட்டிப் பாத்துட்டுத் தச்சிடுவாங்க. எக் வந்தா எடுத்துடுவாங்க. டான்சிலெக்டமி, டான்சில் போச்சு. அப்பெண்டிசெக்டமி, குடல்வால் போச்சு. எ-ன்னா எடு, அவ்வளவுதான்."

"அப்ப ஓ-ன்னா?"

அவர் யோசித்தார். "ஓரமா வெட்டு."

"அடிச்சு விடாதீங்க" என்று அவள் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை கிள்ளி எடுத்தார்கள். முடிவு வந்த அன்று சந்தையில் லோடு அதிகம். அவர் தனியாகப் போய் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கி வந்தார். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன போட்டிருக்கு?"

"லாரிங்காட்டமி."

"ஓ தானே?"

"ஓ தான். வெட்டிப் பாத்துட்டுத் தச்சிடுவாங்க. சின்ன வேலை."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். துண்டை எடுக்காமல் போனார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீரைச் சொட்டுக் கணக்கில் செலவழிக்கும் மனுஷன்!

அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எழுத்துகள் தெரியும். எந்த மூட்டை யாருடையது என்று வியாபாரிகள் அந்த எழுத்துகளில்தான் குறி போடுவார்கள். காகிதத்தை எடுத்து, எல்லாவற்றிலும் நீளமான வார்த்தையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். எல், ஏ, ஆர், ஒய், என், ஜி. அடுத்து ஓ வரவேண்டும்.

வரவில்லை. ஈ இருந்தது. அதன் பக்கத்தில் சி. இரண்டும் சேர்ந்தால் அவர் சொன்ன 'எக்'. அப்புறம்தான் டமி.

காகிதத்தோடு குளியலறைக் கதவுவரை போனாள். உள்ளே தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவர் அழுவது கேட்டது. முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் நிஜமாகவே மெல்லப் பேசினாள்.

"ஈயும் சியும் இருக்குங்க."

குழாய் நின்றது.

மறுநாள் அவரைப் பேசவிடாமல் டாக்டரம்மா முன்னால் அவளே உட்கார்ந்தாள். "பூசி மெழுகாம சொல்லுங்க. எடுக்கலைன்னா?"

"கட்டி பரவிடும். கதிர் வச்சு அடக்கற கட்டத்தத் தாண்டிடுச்சு. உயிருக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது."

"எடுத்தா?"

"பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா இந்தக் குரல் இருக்காது." டாக்டரம்மா கண்ணை விலக்காமல் சொன்னார். "மூச்சு விட இங்க கழுத்துல ஒரு துளை வைப்போம். ட்ரேக்கியாஸ்டமின்னு பேரு."

"இது என்ன புது வால்? ஆஸ்டமி. இவர் இதச் சொல்லித் தரலியே."

"ஸ்டோமான்னா வாய். ஆஸ்டமின்னா புதுசா ஒரு வாய் வைக்கிறது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த வாயில பேச முடியுமா?"

"ஆறினப்புறம் சின்ன வால்வு ஒண்ணு வைக்கலாம். அதுல பேசப் பழகணும். சுலபம் இல்ல, எல்லாருக்கும் வந்துடாது. வந்தாலும் கரகரன்னுதான் இருக்கும்."

"ஏலம் விடறவளுக்குக் குயில் குரல் எதுக்கு டாக்டரம்மா? வரும். வர வைப்பேன். பேனாவக் குடுங்க."

கையெழுத்துப் போடும் முன் மறுபடி அந்த வார்த்தையில் விரலை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். இரண்டு முறை தடுக்கியது. மூன்றாம் முறை முழுசாகவே வந்தது. "லா-ரிஞ்-செக்-ட-மி." அவள் தானாகப் படித்த முதல் இங்கிலீஷ் வார்த்தை அது. கம்மிய குரல்தான், ஆனாலும் வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

நடைக்கூடத்தில் அவர் பின்னாலேயே வந்தார். பொய்யைக் கண்டுபிடித்ததிலிருந்து அவள் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. குழம்பில் உப்புக் கூடினாலே தெரு கேட்கத் திட்டுகிறவள். அந்த மௌனம்தான் அவரை அதிகம் வதைத்தது.

"ஏதாச்சும் சொல்லு" என்றார். "நான் பண்ணது தப்பு. எனக்கு அதப் படிக்க வாய் வரல. திட்டணும்னா இப்பவே திட்டிடு. நாளைக்கு..."

தொண்டை வரைக்கும் வந்த வசவுகளை அவள் அப்படியே விழுங்கினாள்.

"மாட்டேன். இத நான் சேத்து வச்சிருக்கேன். புது வாயில வர்ற மொத வார்த்தையே உங்களத் திட்டத்தான். அது வர்ற வரைக்கும் நான் சாகவும் மாட்டேன், விடவும் மாட்டேன். நீங்களும் எங்கயும் போயிடாதீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

"தெருவுக்கே கேக்கணும்" என்றார்.