நடுச் சட்டத்தில் மூன்று மில்லிமீட்டர்

ஆறு வருடம் என்னோடு பேசாமல் இருந்த அக்காவிடமிருந்து வந்த முதல் செய்தி இரண்டே சொல். "என்ன ஸ்கேல்?"

எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை. நான் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்துக்கு அதுதான் பதில். எனக்கு அதுவே தாராளம். செல்போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி மனைவியிடம் காட்டினேன். உங்கள் குடும்பத்தில் சமாதானம்கூடக் கணக்குப் பாடமாகத்தான் வரும் என்றாள் அவள்.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. துறைமுகத்தில் ஒரு போர்க்கப்பலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அப்பா எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். நான் பீரங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஐஸ் வாங்கித் தரச் சொல்லி அழுதேனாம். அக்கா மட்டும் மேல்தளத்தின் நீளத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தாள்.

அப்பா அச்சகத்தில் பைண்டர். வெட்டி மிஞ்சிய அட்டைத் துண்டுகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவையெல்லாம் கப்பலாயின. வரைபடம் எங்களுக்கு யார் கொடுப்பார்கள்? செய்தித்தாளில் வரும் படங்கள்தான். படத்தில் ஒரு கதவு தெரிந்தால் அக்காவுக்குப் போதும். கதவு ஆளைவிடக் கொஞ்சம் உயரம், அதை வைத்துப் புகைபோக்கி எவ்வளவு, அதை வைத்துக் கப்பல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவாள். எங்கள் ஸ்கேல் ஒரு அரிசி. ஒரு ஆள் ஒரு அரிசி உயரம். அதற்கு ஒரு இம்மி கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கப்பல் எங்கள் படையில் சேராது. வேறு வேறு அளவில் செய்த கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது அவளுக்குப் பொய் சொல்வது மாதிரி. நான் ஆசை ஆசையாகச் செய்த ஒரு படகை, அரிசியை வைத்துப் பார்த்துவிட்டு, இதில் வாமனன்தான் ஏற முடியும் என்று ஒதுக்கிவிட்டாள். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

ஏழு வருடத்தில் பதினொரு கப்பல். பீரோவுக்கு மேலே வரிசையாக நின்றன. நாங்கள் ஏறிப் பார்த்த கப்பல் மட்டும் அதில் இல்லை. அதைக் குத்துமதிப்பாகச் செய்யக்கூடாது, வரைபடம் கிடைக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். பிறகு அவள் நர்ஸ் படிப்புக்குப் போனாள். எனக்கு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. இருவருக்கும் தனித்தனிக் குடும்பம், தனித்தனி ஊர்.

அப்பா இறந்த மாதம் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அக்கா வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தாள். நான் புதன்கிழமையே ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது. கப்பல்களைப் பூச்சி அரித்திருந்தது, பசை மஞ்சளாகி உதிர்ந்தது. இரண்டு சாக்கில் போட்டுக் குப்பை வண்டிக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்தவள் செருப்பைக் கழற்றியதும் பீரோவின் மேலேதான் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். வந்த பையோடு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஐம்பது தாண்டியவள் காகிதத்துக்காக முறுக்கிக்கொண்டு போவாளா என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னேன். இரண்டு வருடம் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. அவளை எனக்குத் தேடியது, அவ்வளவுதான். அரிசி களையும்போது மனைவியின் கையைப் பார்த்தால்கூடத் தேடியது.

அவளாகப் பேசமாட்டாள். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் நாங்கள் ஏறிப் பார்த்த கப்பலின் வரைபடத்தைத் தேடினேன். கப்பலை உடைத்து இரும்பாக்கி எத்தனையோ காலமாகிவிட்டது. கடற்படை அருங்காட்சியகம் இல்லை என்று கைவிரித்தது. அதைக் கட்டிய தளத்துக்கு எழுதினேன். நாலாவது கடிதத்துக்கு, என் தொல்லை தாங்காமலோ என்னவோ, அங்கிருந்த ஆவணக் காப்பாளர் மூன்று தாள்களைச் சுருட்டி அனுப்பினார். பக்கத் தோற்றம், தளங்கள், குறுக்குவெட்டுகள். சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். நாங்கள் ஏறிப்போன ஏணி இருந்தது. நான் ஐஸுக்கு அழுத இடம் இருந்தது. அப்பா தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்த இரும்புப் பெட்டிகூட ஒரு சின்னக் கட்டமாக இருந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அதன் பிறகுதான் அக்காவுக்குக் கடிதம். முன்பாதி நீ செய், பின்பாதி நான் செய்கிறேன், குறுக்கே விலா எலும்பு மாதிரி வருகிற சட்டங்களில் நடுச் சட்டத்தில் ஒட்டிவிடலாம் என்று எழுதினேன். அவள் ஸ்கேல் கேட்டதும் நானூறில் ஒன்று என்றேன், அலமாரியில் அடங்குமே என்று. அரை அரிசிக்கு என் கண் ஒத்துழைக்காது, இருநூறு போடு என்று பதில் வந்தது. இருநூறு என்றால் ஐம்பத்தாறு சென்டிமீட்டர், எங்கே வைப்பது என்றேன். அது உன் வீட்டுக் கவலை என்றாள். ஆக, கப்பல் என் வீட்டில்தான் நிற்கப்போகிறது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நான் வாயைத் திறக்காமல் இருநூறுக்குச் சம்மதித்தேன்.

தளத்திலிருந்து வந்த வரைபடம் நூறில் ஒன்று; எனக்கான தாள்களை அலுவலக இயந்திரத்தில் பாதியாகச் சுருக்கி எடுத்தேன். அத்தோடு மை தீர்ந்தது. அவளுக்கானதைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அதேபோல் எடுத்து அன்றைக்கே அனுப்பினேன். எனக்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது என்று சொன்னேனே.

எட்டு மாதம் செய்தோம். ஊசியில் சுற்றிப் பீரங்கிக் குழாய் உருட்டுவது எப்படி என்று போனில் அவள் சொல்வாள். பேச்சு மெல்லக் கப்பலைத் தாண்டி முழங்கால் வலி, மகளின் வேலை என்று போகும். பிறகு ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் முன்பாதியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மாலை ரயிலுக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தாள்.

இரண்டு பாதியையும் மேஜையில் சேர்த்தோம். சேரவில்லை. என் சட்டம் அறுபது மில்லிமீட்டர் அகலம், அவளுடையது ஐம்பத்தேழு. தளம் படிக்கட்டு மாதிரி இறங்கியது.

என் வாய் சும்மா இருக்குமா? "நீ சின்ன வயசுலேருந்து இப்படித்தான்கா. எப்பவும் கோட்டுக்கு உள்ள வெட்டுவ" என்றேன்.

அவள் சாப்பிட்டாள், என் மனைவியோடு பேசிச் சிரித்தாள், கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளறைக்குப் போனாள்.

அவள் தவறை அவளுக்கே காட்டிவிடுவது என்று அவள் பையிலிருந்த வரைபடத் தாளை எடுத்தேன். அடியில் ஐம்பது மீட்டரைக் குறிக்கும் அளவுகோடு இருந்தது. இருநூறு ஸ்கேலில் அது இருபத்தைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எஃகு ஸ்கேலை வைத்தேன். இருபத்து மூன்றே முக்கால். கடை இயந்திரம் ஓரம் விடுவதற்காகப் படத்தையே நூற்றுக்கு ஐந்து பங்கு சுருக்கியிருக்கிறது. முப்பத்து மூன்று வருடமாக அலுவலகத்தில் வருகிற பிள்ளைகளிடமெல்லாம், எந்த நகலானாலும் முதலில் அளவுகோட்டை அள என்று கத்துகிறவன் நான். அவள் வெட்டியதைத் தாளில் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூடக் கோடு தப்பவில்லை.

கடைக்காரன் மேல் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மறைப்பானேன்.

உள்ளே போனேன். அவள் தூங்கவில்லை.

"அக்கா, தப்பு என்னோடது. உனக்கு அனுப்பின காப்பி சின்னதாயிருக்கு. நான் அளந்து பாக்கல."

"தெரியும்" என்றாள். "தாள் வந்த அன்னிக்கே அளந்துட்டேன்."

பிறகு ஏன் எட்டு மாதம் அதையே வெட்டிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மறுநாளே வேற காப்பி வந்திருக்கும். கடைக்காரன் தப்புன்னு ஒரு சீட்டும் வந்திருக்கும். தப்பு என் மேலன்னு உன் வாயால ஒரு தடவையாவது கேக்கணும்னு இருந்துதுடா."

அவள் கேட்க நினைத்தது எந்தத் தப்பைப் பற்றி என்று எனக்குத் தெரியாதா? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "உன்னைக் கேக்காம அதையெல்லாம் போட்டிருக்கக்கூடாதுக்கா. ரெண்டு நாள் பொறுத்திருக்கணும்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவசரமாக எழுந்து எதையாவது செய்ய எனக்குத் தோன்றாத ஒரே நேரம் அதுதான்.

பின்பாதியை அவள் அளவுக்கு நானே மறுபடி வெட்டுகிறேன் என்றேன். ஸ்கேல் இருநூற்றுப் பத்துக்கு மேல் ஒரு பின்னமாக வருகிறது. உலகத்தில் எந்தப் படையிலும் அது சேராது. சேர வேண்டியதில்லை என்றாள்.

மாலையில் ஆட்டோ வந்தது. அவள் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். முன்பாதி மேஜை மேலேயே இருந்தது. பதினொரு கப்பலைக் குப்பைக்குக் கொடுத்தவனை நம்பி விட்டுப்போவாளா, மறந்துவிட்டாளோ என்று தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.