இரண்டு நாள் தண்ணீர்

"குளிப்பாட்டத் தூக்கலாம்" என்று தாய்மாமன் சபாபதி வந்து சொன்னபோது யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஸ்ரீமதிக்குப் பிறகும் வரிசை மாறாமல் நினைவில் இருந்தது. கூடத்து நடுவில் பெஞ்சின் மேல் அப்பா ஞானசேகரன். தலைமாட்டில் அம்மா சௌந்தரம், விசிறியை ஆட்டாமல் கையில் பிடித்தபடி. அம்மாவுக்கு இடப்பக்கம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த மங்கலம் அத்தை, அப்பாவின் அக்கா. கால்மாட்டில் தெருமுனை வீட்டு பிரிசில்லா. வாசலில் சாமியானாவுக்குக் கீழே ஸ்ரீமதியின் கணவன் ராஜவேலும், அப்பாவோடு பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்கள் நாலு பேரும். ஸ்ரீமதி டெலிபோன் வைத்திருந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து. அங்கே ஏன் போய் உட்கார்ந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

காலை ஆறரைக்கு அந்த டெலிபோனிலிருந்துதான் அம்மா கடலூருக்குப் பேசினாள். "அப்பா எழுந்திரிக்க மாட்டேங்கறாரும்மா" என்றாள். அப்போது ஸ்ரீமதி தோசைக்கல்லில் மாவை ஊற்றியிருந்தாள். சிதம்பரம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அவள் யோசித்துக்கொண்டு வந்தது, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்பதை மட்டும்தான். வேறு எதுவும் தலைக்குள் இறங்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "முன்னாடி ஒண்ணும் தெரியலையா?"

"ஒண்ணுமே இல்ல. ராத்திரி ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு நல்லாத்தான் படுத்தாரு" என்று சௌந்தரம் ஒவ்வொருவரிடமும் சொல் மாறாமல் சொன்னாள்.

"பாயில கெடக்காம போயிட்டான். இதுலயும் அவுனுக்கு அவசரம்" என்றாள் மங்கலம்.

பதினோரு மணிக்கு மஸ்கட்டிலிருந்து தம்பி எழிலன் பேசினான். கம்பெனி மாறுகிற நேரம். பாஸ்போர்ட் அவன் கையில் இல்லை, வர முடியாது. பிறகு, "எப்படிக்கா? வலி, மயக்கம், எதுனா சொல்லலையா? உங்கிட்டதான வாராவாரம் பேசுவாரு?" என்றான்.

கூடமே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லடா. ஒண்ணும் சொல்லல."

சொல்லியிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம்.

வியாழக்கிழமை அப்பாவுக்குக் குளத்து நாள். குளம் என்று அவர்தான் சொல்வார். கொல்லையில் எட்டடிக்கு ஐந்தடி வெட்டி, சிமெண்ட் பூசிய தொட்டி அது. உள்ளே இருபது தங்கமீன், கணக்கில் வராத கப்பிகள். மேலே ஆகாயத்தாமரை, கைக்கு அடக்கமான முட்டைக்கோசு மாதிரி மிதக்கும். அதை விட்டால் ஒரே மாதத்தில் தொட்டியை மூடிவிடும். மூடினால் மீனுக்கு மூச்சு முட்டும். பிளாஸ்டிக் குழாயில் ஒரு சட்டம் செய்து, செடியெல்லாம் அதற்குள், மீதிப் பாதி திறந்த தண்ணீர் என்று பிரித்து வைத்திருந்தார். வாரம் ஒரு தடவை பெரிசானதை, மஞ்சளடித்ததை எடுத்துத் தென்னைக்குப் போடுவார். குட்டிகளை விட்டுவிடுவார். குறைந்த தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்ற மாட்டார். நீல டிரம்மில் பிடித்து, மருந்து வாடை போக இரண்டு நாள் வைத்து, அப்புறம்தான். அதையும் இலைமேல் படாமல், ஓரமாக. இதையெல்லாம் ஒன்று விடாமல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனில் சொல்வார். ஸ்ரீமதி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேப்பர் திருத்துவாள்.

"இன்னிக்கி நாலு வாளி எடுத்தேன்மா. பழசு பூரா மஞ்சளா நின்னுச்சு, சின்னதுங்களுக்கு எடமே இல்ல. எடது கைதான் தோள்லேர்ந்து விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

"நாலு வாளி இழுத்தா வலிக்காம என்னா பண்ணும்? தைலத்தப் போட்டுட்டுப் படுங்கப்பா."

"டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"செடி புடுங்குனதுக்கு டாக்டரா? அவரு சிரிப்பாருப்பா."

அப்பாவும் சிரித்தார். அத்தோடு வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நிழல் இருக்கட்டும் என்று பெஞ்சைக் குளத்தை ஒட்டிப் போடச் சொன்னது சபாபதி. முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். அது ஆளுக்கு ஒரு கை என்று நாற்பது கை ஆனது. "மாமாவுக்குச் சுத்தம்னா உசுரு. நல்லா ஊத்துங்கப்பா" என்றான் சபாபதி. குடம் குடமாக ஊற்றினார்கள்.

மழை பெய்தால் மிகுந்த தண்ணீர் வெளியே போக, குளத்துக் கரையில் ஒரு செங்கல் அகலம் திறப்பு விட்டிருந்தார் அப்பா. பழுப்பு நுரை பெஞ்சுக்குக் கீழே தேங்கி, வழி தேடி, அந்தத் திறப்பு வழியாக உள்ளே இறங்குவதை ஸ்ரீமதி பார்த்துக்கொண்டே நின்றாள். அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. எண்ணெய் வட்டவட்டமாகச் சட்டத்தைத் தாண்டிச் செடிகளுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு தங்கமீன் மேலே வந்து வாயைத் திறந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாமே.

"சீயக்கா மீனுக்கு ஆவாதே ஸ்ரீமதி" என்றாள் பிரிசில்லா, காதருகில்.

அதற்குப் பிறகுதான் அவள் அசைந்தாள். சுவரோரம் சாய்த்திருந்த கொக்கிக் கம்பை எடுத்தாள். அப்பா செடி இழுக்கிற கம்பு. பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. சட்டத்தில் கொக்கியை மாட்டிக் கரைக்கு இழுக்கப் போனவளுக்கு, அப்பா நிற்கிற நிலை கண்ணுக்கு முன்னால் வந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் இழுப்பார். ஆலை லேபில் அமிலம் கையாண்ட காலத்துப் பழக்கம். வாளி தூக்குவதும் வலது கைதான். இடது கை எந்த வேலைக்கும் வராது.

இடது கையால் அவர் ஒரு இலையைக்கூட இழுக்கவில்லை.

கம்பு கையில் இருக்க, அவள் எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. பிரிசில்லா முந்தானையைச் செருகிக்கொண்டு, "டிரம்மு ரொம்பிதான் இருக்கு. வியாழக்கெழம புடிச்சது. இன்னியோட ரெண்டு நாளு. எடு, எடு" என்றாள்.

ஸ்ரீமதி தொட்டிக்குள் இறங்கினாள். தொடைவரை தண்ணீர். அரிசி களைகிற கூடையால் மீனை அள்ளி அள்ளிக் கொடுத்தாள்; பிரிசில்லா டிரம்மில் விட்டாள். பெரிய செடிகளை ஒதுக்கிவிட்டு, வேர் நீளாத குட்டிகளாகப் பொறுக்கி, வாளித் தண்ணீரில் அலசிப் போட்டாள்.

"நல்லா இருக்குடி" என்றாள் மங்கலம், இடுப்பில் கை வைத்து. "பெத்தவன் பெஞ்சுல கெடக்குறான், இவ மீன் புடிக்கிறா. ஊருக்குப் போயி இத நான் எப்புடிச் சொல்லுவேன்?"

"அத்த, அவ எதையோ செய்யட்டும், வுடுங்க" என்றான் ராஜவேல்.

"கொழம்பு வைக்கச் சொல்லப் போறியா?"

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். சௌந்தரம் மட்டும் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தபடி நின்றாள்.

"பொண்ணு எங்க? வாய்க்கரிசிக்குக் கூப்புடுங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஈரப்புடவை காலில் சுற்ற, ஸ்ரீமதி போனாள். கையைத் துடைக்கத் தோன்றவில்லை. அரிசியை அள்ளி அப்பாவின் வாயருகே கொண்டுபோனபோது, உள்ளங்கையில் ஒட்டியிருந்த கடுகளவு பச்சை இலை ஒன்றும் அரிசியோடு போயிற்று. அதைத் திரும்ப எடுக்க நேரமில்லை. அடுத்த கை வந்துவிட்டது.

பெரிய மீனில் பதினொன்று பிழைத்தன.

எழிலன் தினமும் பேசினான். தினமும் அதே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டான். "பி.பி. பாத்தாங்களா? நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னாரா?" கூடத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள். ஆனால் அது காரணமில்லை என்று ஸ்ரீமதிக்குத் தெரியும். தனியாக இருந்த அன்றும் அவள் "இல்லடா" என்றுதான் சொன்னாள். சொன்னால் தம்பி அக்கா என்று கூப்பிடுவானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால், அவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

ஒன்பதாம் நாள் காலை, சாப்பாட்டு மேஜையில் ரூல் போட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் குளத்தைப் பற்றி எழுதினாள். தொட்டியை உன் மச்சான் இரண்டு தடவை இறைத்துக் கழுவிவிட்டார். இப்போது டிரம் தண்ணீர்தான் விடுகிறோம். பதினான்கு குட்டிச் செடி எடுத்து வைத்தேன், அதில் ஒன்பதுக்கு வேர் விட்டிருக்கிறது. மற்ற ஐந்தும் நடுக்குருத்து அழுகி மூழ்கிவிட்டன. ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு வெயில் காட்ட வேண்டும். சட்டத்துக்குள் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பத்தியில், வியாழக்கிழமை போனில் அப்பா சொன்னதையும் அவள் சொன்னதையும், பேசிய வரிசையிலேயே எழுதினாள். இடது கை என்று எழுதினாள். அவர் எந்தக் கையால் செடி இழுப்பார் என்று உனக்கும் தெரியும் என்று எழுதினாள். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அடித்துவிட்டாள்.

சௌந்தரம் அடுக்களையிலிருந்து வந்து எதிரில் நின்றாள்.

"தம்பிக்கா?"

"ம்."

"என்னா எழுதற?"

"செடியப் பத்தி."

சௌந்தரம் மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரைக் கையால் வழித்தாள். "நீ போன்ல பேசறப்ப நா பக்கத்துலதான் நின்னேன். வெள்ளிக்கெழமையும் வலிக்குதுன்னாரு. ரெண்டு நாளும் தைலத்த நாந்தான் தேச்சேன்" என்றாள். "அதையும் எழுதிக்க."

ஸ்ரீமதி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அடுக்களைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை என்று சொன்னவளின் முதுகு.

கடைசியில் இடமிருந்தது. அம்மா தைலம் தேய்த்தாள் என்று ஒரு வரி சேர்த்தாள். தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டாள். பசை தேடிக்கொண்டிருந்தபோது சௌந்தரம் ஒரு கிண்ணத்தில் நாலு சோற்றுப் பருக்கையைக் கொண்டுவந்து வைத்தாள். உறையின் மடிப்பில் அதை நசுக்கித் தேய்த்து, ஓரங்களை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள், காயும்வரை.

தபால்பெட்டி தெருமுனையில், பிரிசில்லா வீட்டுக்கு முந்தின கம்பத்தில் இருந்தது. பிரிசில்லாவுக்கென்று இரண்டு குட்டிச் செடிகளைத் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு போனாள் ஸ்ரீமதி. பை தளும்பாமல் இருக்க அதை வலது கையில் உயர்த்திப் பிடித்திருந்தாள். அதனால் கடிதத்தை இடது கையால்தான் போட வேண்டியிருந்தது.