பின்பக்கப் பாட்டு

அப்பாவின் தலைமாட்டில் சொம்பை வைத்துவிட்டுக் கனிமொழி கையை எடுத்தாள். தண்ணீர் ஆடி அடங்கியது. அடங்கியே இருந்தது.

அமாவாசை தவிர மற்ற நாளில் அந்த வீட்டில் தண்ணீர் அசையாமல் நின்று அவள் பார்த்ததில்லை. எதிர் ஷெட்டில் ஜெயவேலின் விசைத்தறிகள் ராப்பகலாக ஓடும்; அப்பாவுக்கும் அங்கேதான் வேலை. தெருவே அப்படித்தான். டம்ளரில் காபி ஊற்றி வைத்தால் மேலே வளையம் வளையமாக ஓடும். கல்லூரியில் அதிர்வுகள் பாடம் நடந்தபோது அவளுக்கு மட்டும் அது பழைய சங்கதியாக இருந்தது.

விடியற்காலை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சேதி பரவப் பரவத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவில் சாவு விழுந்தால் பிணம் தெருமுனையைத் தாண்டும்வரை யாரும் ஓட்ட மாட்டார்கள்.

"ஹேமநாத் கத்தாத தெரு, ஒரு மாதிரி கீதுல்ல?" வாசலில் ஒருத்தி அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"தறி நின்னா கூட அவரு கொரல் நிக்காதே" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கனிமொழி அலமாரியைப் பார்த்தாள். அதன் மேல் ரெக்கார்டு பாடும் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் போன வாரம் கூரியரில் வந்த சின்ன ரெக்கார்டு.

அப்பாவுக்கு ஒரே பாடகன்தான். எட்வின் துரை. கிட்டாரோடு வந்து நாலைந்து பாப் ரெக்கார்டு போட்டுவிட்டுக் காணாமல் போனவன். அவனுடைய ரயில் பாட்டை ஒரு காலத்தில் கல்யாண வீட்டிலெல்லாம் போட்டார்கள். இன்றைக்கும் போனில் தேடினால் கிடைக்கும். அப்பாவுக்கு அது பொருட்டே இல்லை. அதே ரெக்கார்டின் பின்பக்கத்தில் ஒரு பாட்டு. பதினைந்து வயதில் சேத்துப்பட்டு டீக்கடை ஒன்றில் அப்பா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். கடை மூடும்போது முதலாளி ரெக்கார்டைத் திருப்பிப் போடுவாராம். 'விளக்கை அணைச்சிடு கண்ணே, விடிஞ்சதும் பேசலாம்.' அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அப்பா எங்கேயும் கேட்கவில்லை. கேசட்டில் வரவில்லை, போனிலும் இல்லை.

ஆனால் தினமும் பாடுவார். பாயை விரித்தபடி, தறிச் சத்தத்துக்கு மேலே, தொண்டை நரம்பு புடைக்க அந்த ஒரே வரி. அம்மா இருந்தவரை, "அணைக்கறேன், காது போவுது" என்று சுவிட்சைத் தட்டுவாள். அம்மா போன பிறகு கனிமொழி தட்டினாள்.

அந்த ரெக்கார்டுக்காக அவள் இரண்டு வருடம் தேடினாள். கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர் வைத்திருந்தார். வந்த அன்று அப்பா அதைச் சட்டைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார், ஊசியை இறக்கினார், குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"கேக்குதாப்பா?"

"என்னா?"

"கேக்குதான்னேன்!"

"ஜெயவேல் தறிதான் கேக்குது." அவர் சிரித்துவிட்டு நிமிர்ந்தார்.

"களம்பூருக்கு எடுத்துகினு போலாமா? அத்தை ஊட்டுல சத்தம் இருக்காது."

"எதுக்கும்மா? அமாவாசைக்குத் தறி நிக்கும். அன்னிக்குப் பொறுமையா கேட்டுக்கலாம்."

"கரண்ட் போனாக்கூட நிக்கும்."

"பெட்டியும் நிக்குமேடி, பி.எஸ்சி.!"

அமாவாசை திங்கட்கிழமை. இன்று வெள்ளி.

இப்போது தெரு முழுவதும் தறி நின்றிருந்தது. மேளக்காரர்கள் இன்னும் வரவில்லை. மூன்று நிமிடப் பாட்டு. கனிமொழி இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் உட்கார்ந்தாள். மூன்றாம் முறை களம்பூர் அத்தை காசியம்மாளின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அத்தை, ஒரு பாட்டு போடட்டுமா?"

"என்னாது?"

"அப்பாவுக்கு. அந்த ரெக்கார்டு."

காசியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சாவு ஊட்டுல பாப்பு பாட்டா? நாலு பேரு காறித் துப்புவாங்கடி. உயிரோட இருக்க சொல்லதான் கத்திகினு கெடந்தான் என் தம்பி. இப்பவாவது அவன நிம்மதியா உடு."

"மெதுவாதான் அத்தை..."

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மேளம் இறங்கியது. முதல் அடியிலேயே சொம்புத் தண்ணீர் சிலிர்த்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மேளம் தெருவோடு போய்த் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அப்பா கிடந்த இடத்தில் காசியம்மாள் விளக்கை ஏற்றி, பக்கத்தில் சொம்பில் புதுத் தண்ணீர் வைத்தாள்.

"வா, தலைக்கு ஊத்திக்கலாம்."

"நீங்க போங்க அத்தை. நான் அப்பறமா..."

"சரி. வெளக்கு அணையாம பாத்துக்கோ."

எல்லோரும் பின்கட்டுக்குப் போனார்கள். கனிமொழி பெட்டியை இறக்கி ஈரத் தரையில் வைத்தாள். ஸ்பீக்கரை விளக்கின் பக்கமாகத் திருப்பினாள். ரெக்கார்டை எடுத்துப் பின்பக்கம் மேலே வரும்படி வைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம்.

ஜெயவேல். முட்டி வலிக்காரர், தெருமுனை வரைக்கும்தான் போயிருப்பார். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாண்டிட்டாங்கம்மா." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தறி ஓட்ட பசங்க வந்து நிக்கறானுங்க. நானும் ஒரு வார்த்த உன்னைக் கேட்டுகினு..."

ஓட்டுங்க மாமா என்பதுதான் வாயில் வந்தது. யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் அவளுக்கு வரும்.

"ஒரு பாட்டு மாமா" என்றாள். "முடிஞ்சதும் ஓட்டுங்க."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தெருவைப் பார்த்துக் கையைக் காட்டினார். எதிரே பேச்சு நின்றது.

ஊசி இறங்கியது. முதலில் வெறும் கரகரப்பு. பிறகு ஒற்றைக் கிட்டார். பிறகு குரல்.

அவள் கை தானாக வால்யூம் குமிழுக்குப் போனது. அது ஏற்கெனவே முழுதாகத் திருகியிருந்தது. அவன் பாடவே இல்லை, கிசுகிசுத்தான். பக்கத்தில் குழந்தை தூங்கும்போது பேசுவதுபோல. 'விளக்கை' என்ற சொல்லுக்கும் 'அணைச்சிடு' என்ற சொல்லுக்கும் நடுவில் அவன் மூச்சு விடுவது கேட்டது. தறி ஓடும் தெருவில் இந்தப் பாட்டை எவனாலும் இப்படிப் பாடியிருக்க முடியாது.

பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது.

"இதுவா அது?" ஜெயவேல் தணிந்த குரலில் கேட்டார்.

"ம்."

"ஷெட்டுல நூல் தீந்து தார் மாத்தும்போதெல்லாம் கத்துவான். இருவது வருசமா கேட்டுகினு இருக்கேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "யாரையோ திட்டற பாட்டுன்னு நெனச்சேன்."

பாட்டு முடிந்தது. ஊசி கடைசிக் கோட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. கனிமொழி அதை எடுக்கவில்லை. ஜெயவேல் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

முதல் தறி ஓடத் தொடங்கியது. கனிமொழி விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து திரியைத் தூண்டிவிட்டாள்.

சொம்பில் ஒரு வளையம் வந்தது. பிறகு இன்னொன்று.