தலைக்கு ஒரு பங்கு

பாகம் பிரிக்கச் சொல்லி நச்சரித்தது பிச்சம்மைதான். அவள் கணவர் நாராயணபெருமாள் பிள்ளை தாழக்குடியில் பெரிய வீட்டின் தலைவர், காரணவர். வயலும் தோப்பும் அவர் சொல்படிதான் நடந்தன. ஆனால் அவர் கண்ணை மூடினால் எல்லாம் தங்கை மக்களுக்கு. பெற்ற மகள் கோலம்மைக்கு ஒரு பிடி மண் கிடையாது. மருமக்கள் வழி அப்படி.

பிறகு திருவிதாங்கூர் அரசு புதுச் சட்டம் போட்டது. குடும்பச் சொத்தைத் தலைக்கு ஒரு பங்காகப் பிரிக்கலாம், ஆண்பிள்ளை தன் பங்கைத் தன் மக்களுக்கு விடலாம் என்று ஊரெல்லாம் பேச்சு.

"பிரிச்சா நம்ம பங்குல ஒரு ஏர் ஓட்ட முடியாதுட்டி," என்றார் பிள்ளை.

"நம்ம பிள்ளைக்குன்னு ஒரு துண்டு வேண்டாமா?" என்று அவள் அழுதாள்.

பிரித்தார்கள். தங்கைக்கும் அவள் மக்கள், பேரப்பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு பங்கு; பிள்ளைக்கு ஒன்று. காளைகள் இவருக்கு, வண்டி தங்கையின் மூத்த மகன் தாணுவுக்கு. ஒரு அடுப்பு நாலு அடுப்பாயிற்று. யாருக்கும் அளந்து போடாமல் தன் பானையில் தானே பொங்கிய முதல் மாதம் பிச்சம்மைக்குக் கால் தரையில் படவில்லை.

அப்புறம் நெல் விலை விழுந்தது. முன்பெல்லாம் ஒரு வயல் பொய்த்தால் இன்னொரு வயல் தாங்கும். இப்போது அவரவர் நஷ்டம் அவரவர் தலையில். நிலத்துக்குச் சர்க்காரில் கட்டும் கரம் மட்டும் குறையவில்லை. தாணுவின் தம்பிகள் பங்கை விற்றுவிட்டு மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போனார்கள். வாய்க்கால் தண்ணீருக்காகத் தாணுவும் பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த ஐப்பசியில், சுசீந்திரத்தில் கட்டிக்கொடுத்த கோலம்மை தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வலி கண்டு ஒரு பகல் முழுக்க ஆகியும் குழந்தை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை உதறினாள். "குறுக்கே கெடக்கு. நாகர்கோயில் ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ."

பிள்ளை காளைகளை அவிழ்த்தார். பிச்சம்மை மழையில் தாணு வீட்டுக்கு ஓடினாள்.

"வண்டியைத் தா மக்கா."

தாணு தலை குனிந்து நின்றான். "வண்டி இல்லை அத்தை. போன மாசம் மார்த்தாண்டத்து யாவாரிக்கு வித்துட்டேன். கரம் கட்டணும்லா."

பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். கொட்டிலில் எட்டிப் பார்த்தாள். வைக்கோல்தான் கிடந்தது. அதற்குள் அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

வேறு வண்டி தேட நேரமில்லை; கோலம்மையைக் கட்டிலோடு தூக்கினார்கள். ஒரு காலத்தில் அந்த வீட்டிலேயே தோள் கொடுக்க எட்டு ஆள் இருந்தது. இப்போது பிள்ளையும் தாணுவும் வயல் வேலைக்காரர் இரண்டு பேரும். சேற்றில் கால் வழுக்க வழுக்க இறக்கி வைத்து, மறுபடி தூக்கி, போய்ச் சேர நேரம் போய்விட்டது. பெண் குழந்தை பிழைத்தது. கோலம்மை கண் திறக்கவில்லை.

தாணுவின் மனைவி பகவதிக்கு அப்போது கைக்குழந்தை. யாரும் கேட்காமலேயே வந்து இந்தப் பிள்ளையையும் மடியில் போட்டுக்கொண்டாள். பிச்சம்மைக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

காரியம் முடிந்ததும் சம்பந்தி சுசீந்திரத்திலிருந்து வந்தார். "பிள்ளையைக் கொண்டு போக வந்தோம்."

"பால்குடி மாறலியே. இங்கே நிக்கட்டும்," என்றாள் பிச்சம்மை.

"பழைய முறைன்னா அம்மை வழிதான். இப்ப அப்பன்தானே பாத்தியப்பட்டவன்? உங்க சொத்துக்கும் நாளைக்கு அவதானே வாரிசு?"

பிச்சம்மை கணவரைப் பார்த்தாள். அவர் முற்றத்தைப் பார்த்தபடி, "சட்டம் அப்படித்தான்," என்றார். அவள் குழந்தையைத் துணியில் சுற்றி நீட்டினாள்.

சாயங்காலம் பகவதி வந்தாள். பால் சுரந்து மாராப்பு நனைந்திருந்தது. தூளி வெறுமையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

தை பிறக்குமுன் சுசீந்திரத்திலிருந்து ஆள் வந்தது. ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லையாம், பேதி நிற்கவே இல்லையாம்; குழந்தை போய்விட்டதாம்.

பிச்சம்மை பகவதியிடம் போனாள். "இனி ஒரே உலையா வெப்போமா?"

பகவதி அடி தெரிந்த கஞ்சிப் பானையைச் சாய்த்துக் காட்டினாள். "எங்களுக்கே கஞ்சி தட்டுது அத்தை," என்றாள்.