அழுகையை அடக்கிக்கொள்கிறாள்

1

ஒரு வேண்டுகோளை மறுக்கத் தெரியாமல் பிறந்த கதை இது. நாடகத் துறைப் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், விழா மலருக்கு இரண்டு பக்கம் தாருங்கள் என்றார்கள். பழைய மாணவன் நான், தட்ட முடியுமா? ‘முப்பத்தொரு ஆண்டுகள் கற்பித்தவர், பதினான்கு நாடகங்கள் எழுதியவர், நாளிதழில் வாராவாரம் நாடக விமர்சனம்…’ என்று தொடங்கினேன். கல்வெட்டு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

‘அன்று காலையிலிருந்தே மழை’

(வேண்டாம். மழையில் தொடங்கினால் பேராசிரியர் அம்மாள் மேற்கொண்டு படிக்க மாட்டார்.)

2

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அடைப்புக்குறி’. அவருடைய நாடகங்களில் வசனம் பேருக்குத்தான் இருக்கும். மீதியெல்லாம் அடைப்புக்குறிக்குள் நடிகருக்கான குறிப்பு: (நாற்காலியைத் தொடுகிறாள். உட்காரவில்லை.) பேசாமலே பேச வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

விமர்சனத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது. சொந்தத் தம்பி நடித்த நாடகத்தைப் பற்றி, ‘திரை நன்றாக இறங்கியது’ என்று ஒரே வரியில் முடித்தார். தம்பி ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

3

ஒரு முறை அவருடைய நாடகத்தையே துறை மேடையேற்றியது. கடைசிக் காட்சியில் மகள், இறந்துபோன அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். முதலாண்டு மாணவி ஒருத்தி நின்றாள். அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. அப்போது அவள் கணீரென்று சொன்னாள்:

“அழுகையை அடக்கிக்கொள்கிறாள்.”

பாவம், அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள்! அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மறுநாள் காலை, படிப்பை விட்டுப் போகும் விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். பேராசிரியர் கையெழுத்துப் போடவில்லை.

“நாளைக்கு வா. பேப்பர் பாத்துட்டு வா.”

அன்று பிற்பகல், நாளிதழின் ஆசிரியர் தொலைபேசியில் கெஞ்சினார்.

“உங்க நாடகத்துக்கு நீங்களே எழுதினா நல்லா இருக்காது மேடம். இந்த வாரம் விட்டுடுங்களேன்.”

“ஊரைத் திட்ட மட்டும் நான் வேணுமா? எடத்தை ஒதுக்கி வைங்க.”

எழுதினார்: ‘தவறு அந்தப் பெண்ணுடையதல்ல. பேச வேண்டிய இடத்தில் நாடகாசிரியர் அவள் வாயைக் கட்டிவிட்டார். அன்று மேடையில் கேட்ட ஒரே உண்மையான வசனம் அவள் சொன்னதுதான்.’

4

மறுநாள் அவள் வந்தாள். ஒரு கையில் விண்ணப்பம், மறு கையில் நாளிதழ்.

“மேடம், இது நிஜமா? இல்ல, நான் போயிடக் கூடாதுன்னு எழுதினீங்களா?”

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதல் முடிவு: “நிஜம்தான்” என்கிறார். அப்படியானால், மூன்று வருடம் இழைத்து இழைத்து எழுதிய நாடகத்தைத் தன் கையாலேயே சாய்த்துவிட்டார்.

இரண்டாம் முடிவு: “உனக்காகத்தான்” என்கிறார். அப்படியானால், முப்பது வருட விமர்சனத்தில் ஒரு பொய்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

வரைவை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். சிவப்புப் பேனாவால் மூன்று ஒற்றுப்பிழைகளைத் திருத்தினார்.

“அவ கேட்டதை எழுதிட்டியே. அப்புறம் என்ன?”

“நீங்க சொன்ன பதில், மேடம்.”

“அது அவளுக்குச் சொன்னது.”

5

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் முதல் நாடகத்தைப் பற்றி அவர் எழுதியதன் கடைசி வரி: ‘இவர் எழுதலாம்.’ இரண்டே சொல். இருபத்திரண்டு வருடமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அந்த நாடகத்தைப் போன மாதம் எடுத்துப் படித்தேன். படு மோசம்.

அவரைப் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அதனால்தான் இரண்டு முடிவையும் என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பெண் இன்னும் கதவருகே நிற்கிறாள். பேராசிரியர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்கிறார். பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதை எனக்குக் காட்ட வேண்டாம்.